வெயில் இல்லாத வேலை எது?

போன வருஷம் ஒரு மருத்துவமனைக்காக இருபது பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இப்படியான கூலி வேலைகள்தாம் அவ்வப்போது வருகின்றன. தோல் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தாங்கள் எப்படிப் புதிதாக ஒழுங்குபடுத்தியிருக்கிறோம் என்று நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லும் கையேடு. முதல் பக்கத்திலேயே இருந்த ஆங்கிலத் தொடரை 'நோயாளி மையச் சேவை' என்று தமிழாக்கிவிட்டு, அடுத்த வரிக்குப் போக முடியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். சொல்லில் தவறில்லை. 'மையம்' என்ற சொல்லோடு நமக்கிருக்கும் பழைய பகை அப்படி. நான் பள்ளிக்கூடத்தில் அ, ஆ எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே சிறுபத்திரிகைகளில் மையத்தைச் சிதைக்கும் வேலை தொடங்கிவிட்டது. மையம் என்றால் அதிகாரம், விளிம்பு என்றால் எதிர்ப்பு என்று ஒரு வாய்ப்பாடே நம்மிடம் உண்டு. இப்போது ஆஸ்பத்திரியே வந்து, நோயாளியைத் தூக்கி மையத்தில் வைக்கிறேன் என்கிறது. சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா?

இந்தக் கருத்துக்கு வயது கொஞ்சம் அதிகம். 1951இல் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், தன்னிடம் வருகிறவரை நோயாளி என்று அழைக்காமல், சிகிச்சையின் போக்கைத் தீர்மானிக்க வேண்டியவரே அவர்தான் என்று வாதாடினார். 1969இல் இங்கிலாந்தில் ஈனிட் பாலின்ட், நோயை முன்வைத்த மருத்துவத்துக்கு மாறாக நோயாளியை முன்வைத்த மருத்துவம் சாத்தியமா என்று கேட்டு எழுதினார். 2001இல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஓர் அறிக்கையில் நல்ல சிகிச்சைக்கான ஆறு இலக்குகளைச் சொன்னபோது இதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தது. அதற்குப் பிறகு இது நிர்வாகத்தின் சொல்லாகிவிட்டது. எண் ஒளிரும் டோக்கன் பலகை, குளிரூட்டிய காத்திருப்பு அறை, போகும்போது எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கும் படிவம். ரோஜர்ஸ் நோயாளியிடம் கொடுக்க நினைத்தது தீர்மானிக்கும் உரிமை. நிர்வாகம் கொடுத்தது வாடிக்கையாளர் என்ற நாற்காலி.

ஃபூக்கோவை இங்கே கொஞ்சம் அழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1963இல் வெளிவந்த அவருடைய 'மருத்துவமனையின் பிறப்பு' சொல்லும் சங்கதி நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், நோயாளி தன் வாயால் சொல்லும் கதை பின்னுக்குப் போய், அவர் உடம்பில் நோய் குடியிருக்கும் இடம் முன்னுக்கு வருகிறது. மருத்துவப் பார்வை என்ற ஒன்று உருவாகிறது. தோல் மருத்துவம் இந்தப் பார்வையின் உச்சம் என்று எனக்குப் படுகிறது. திறந்து பார்க்க வேண்டியதில்லை, தட்டிக் கேட்க வேண்டியதில்லை; நோய் மேலேயே எழுதிக் கிடக்கிறது, வாசித்துவிட்டால் போதும். ஆகவே, பேசாமலே அனுப்பிவைக்கப்படுகிறவர் யாராவது உண்டென்றால் அவர் தோல் நோயாளிதான்.

கோட்பாட்டை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கரிசல்காட்டுப் பள்ளியில் என்னோடு படித்தவன். துரை என்பது பெயரல்ல. வெள்ளைக்காரத் துரை என்று ஊர் வைத்தது. தலைமயிரும் இமையும் புருவமும் காய்ந்த சோளத்தட்டை நிறத்தில் இருக்கும். வெயிலில் நின்றால் முகம் சிவந்து கொப்பளித்துவிடும். கண்மணி எந்நேரமும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துத்தான் படிப்பான். உயரமானவன் என்பதால் கடைசி வரிசை. கரும்பலகையில் எழுதியது எதுவும் அவனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை என்பது இருபது வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அவனும் சொன்னதில்லை. பலகை எல்லோருக்கும் அப்படித்தான் வெறும் கறுப்பாகத் தெரியும் என்று நினைத்திருப்பான். ஏழாம் வகுப்போடு நின்றான். ஆடு மேய்த்தான். அப்புறம் பருத்திக்கும் மிளகாய்க்கும் கூலிக்குப் போனான். முப்பது தாண்டியதும் காதோரத்தில் ஒரு புண் வந்தது. வருவதும் காய்வதுமாக இருந்து, ஒருகட்டத்தில் காயாமலே நின்றுவிட்டது. டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள்; களிம்பு கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது கழுத்தில் நெறி கட்டியிருந்தது. முற்றிவிட்டது என்றார்கள். முப்பத்திரண்டு வயதில் செத்துப்போனான்.

துக்கம் கேட்கப் போயிருந்தபோது அவன் அம்மா சொன்னது இது: "வெயில்ல போகாதன்னுதான் மொதல்ல பாத்த டாக்டரு சொன்னாரு அய்யா. வெயில் இல்லாத வேலை எதுன்னு அவரு சொல்லலையே."

டாக்டர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. எந்தப் பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும். அந்த அம்மாவின் கேள்விதான் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அதைக் கேட்டுவிட்டு வந்த பிறகு, இப்படியொரு கேள்விக்கு எங்காவது மருத்துவம் பதில் சொல்ல முயன்றிருக்கிறதா என்று தேடினேன். தேடலில் கிடைத்தது ஐரோப்பாவோ அமெரிக்காவோ அல்ல, தான்சானியா. அதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதப் பார்க்கிறேன். 'நோயாளி மையம்' என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் உண்டென்றால் அது கிளிமஞ்சாரோ அடிவாரத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். துரைக்கு இருந்தது அல்பினிசம். நம் ஊரில் இதை வெண்குஷ்டத்தோடு போட்டுக் குழப்புகிறார்கள். அது வேறு, இது வேறு. இது பிறவியிலேயே வருவது. தாய், தகப்பன் இருவரும் ஒரே மரபணுக் குறையைத் தமக்குத் தெரியாமல் சுமந்து, இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்துவிட்டால் வருகிறது. சொந்தத்துக்குள் கட்டிக்கொள்கிற சமூகங்களில் அந்த வாய்ப்பு கூடுதல். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிக்கொள்கிற நாம் இதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். தோலில் நிறமிச் செல்கள் இருக்கும். அவை மெலனினைத் தயாரிக்காது, அல்லது போதிய அளவு தயாரிக்காது. மெலனின் என்பது வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து தோல் செல்லின் மரபுப்பொருளைக் காக்கும் குடை. குடை இல்லாத செல் ஒவ்வொரு நாளும் அடி வாங்குகிறது. முதலில் சொரசொரப்பான திட்டுகள், பிறகு ஆறாத புண், பிறகு புற்று. இவர்களுக்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் வருவது செதிள் செல் புற்று. முகம், காது, உதடு, கழுத்து, கை என்று வெயில் படுகிற இடங்களில். மெலனோமா அபூர்வம். இந்தப் புற்று ஒரே இரவில் வந்து ஆளை அடிப்பதில்லை. வருஷக்கணக்காக முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. திட்டாக இருக்கும்போதே உறையவைத்து உதிர்த்துவிடலாம். சின்னப் புண்ணாக இருக்கும்போது அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து வெட்டி எடுத்துவிடலாம். வெயிலைத் தடுத்தால் பெரும்பாலும் வராமலே காத்துவிடலாம். அதனால்தான் இந்தச் சாவு கோபமூட்டுகிற சாவாக இருக்கிறது.

உலகத்தில் ஏறத்தாழ 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் என்று சொல்லப்படும் அல்பினிசம், தான்சானியாவில் சுமார் 1,400 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இருக்கிறது. நாடு பூமத்தியரேகைக்குக் கீழே. வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நைஜீரியாவில் ஒகோரோ என்ற மருத்துவர் 1975இல் எழுதிய ஆய்வில், இருபது வயதைக் கடந்த அல்பினிசமுள்ளவர் ஒருவர்கூடப் புற்றோ அதற்கு முந்தைய திட்டோ இல்லாமல் இருக்கக் காணவில்லை என்றார். 1985இல் டார் எஸ் சலாமிலிருந்து லுவாண்டேயும் அவரோடு சேர்ந்தவர்களும் தான்சானியா நிலைமையை எழுதினார்கள். இருபதுகளிலும் முப்பதுகளிலும் புற்று வருகிற கூட்டம் ஒன்று இருப்பதை உலகம் அறிந்து கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆகிறது.

தோல் புற்றுநோயைப் பற்றிய பொதுப்பேச்சு வேறொரு நிலத்தில் உருவானது. 1981இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தொடங்கிய பிரசாரம் புகழ்பெற்றது. சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியை வை என்று ஒரு கடற்பறவை ஆடிப்பாடும் விளம்பரம். அங்கே அது நல்ல பலன் தந்தது. அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் அந்த அறிவுரைக்குள் ஒளிந்திருக்கும் ஆளைக் கவனியுங்கள். அவர் கடற்கரைக்குப் போகிறார், தோட்டத்தில் நிற்கிறார், கிரிக்கெட் ஆடுகிறார். வெயில் அவருக்குப் பெரும்பாலும் பொழுதுபோக்கு. அதைக் குறைத்துக்கொள் என்று சொல்வது நியாயம். விக்டோரியா ஏரிக்கரையில் மக்காச்சோளத்துக்குக் களை வெட்டுகிறவருக்கு வெயில் என்பது கூலி. வெயிலைக் குறை என்றால் சோற்றைக் குறை என்று அர்த்தம். வெள்ளைத் தோல் இரண்டுக்கும் பொது. வெயில் பொது அல்ல. நோயை வைத்து யோசித்தால் இரண்டு பேருக்கும் ஒரே துண்டுப் பிரசுரம் போதும். ஆளை வைத்து யோசித்தால், அவர் எத்தனை மணிக்கு எங்கே நிற்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு விசித்திரமான இடத்துக்கு வந்து சேர்கிறோம்.

மெலனின் தோலுக்கு மட்டுமல்ல, கரு வளரும்போது கண்ணுக்கும் வேண்டும். விழித்திரையின் நடுவே கூர்மையான பார்வைக்கென்று ஒரு குழிவு உருவாகும். அல்பினிசத்தில் அது சரியாக உருவாவதில்லை. கண் ஆடும், வெளிச்சம் கூசும், தூரத்தில் இருப்பது தெரியாது. மூக்குக்கண்ணாடி கொஞ்சம் உதவும், முழுக்கச் சரிசெய்யாது. ஆகவே பிள்ளைக்குக் கரும்பலகை தெரிவதில்லை. பலகை தெரியாத பிள்ளை மக்கு என்று பெயரெடுக்கிறது. மக்கு என்று பெயரெடுத்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறது. படிப்பில்லாத ஆளுக்குக் கூரைக்குக் கீழே வேலை கிடைப்பதில்லை. காட்டுக்கும் சந்தைக்கும் போகிறது. அங்கே வெயில். அப்புறம் திட்டு, புண், புற்று. முதல் வரிசையில் ஓர் இடம், கையில் பிடித்துப் பார்க்கும் சின்னத் தொலைநோக்கி, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, பெரிய எழுத்தில் அச்சிட்ட புத்தகம் — இவை தோல் புற்றுநோய்த் தடுப்புச் சாதனங்கள். இதை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். தோலைக் கூர்ந்து பார்த்த மருத்துவப் பார்வை, அந்தத் தோலுக்குள்ளிருந்து பார்க்க முயன்றுகொண்டிருந்த கண்ணைக் கவனிக்கவில்லை. தான்சானியாவில் வேலை செய்யும் 'ஸ்டாண்டிங் வாய்ஸ்' போன்ற அமைப்புகள் தோல் முகாமோடு கண் முகாமையும் ஏற்றுக்கொண்டிருப்பது இதனால்தான்.

தொப்பிக்கு வருவோம். மோஷி நகரத்தில் கிளிமஞ்சாரோ மருத்துவமனையை ஒட்டி 1992இல் ஒரு தோல் மருத்துவப் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. எம்.பி.பி.எஸ். அளவுக்குப் படிக்காத, கிராமத்து மருத்துவ அலுவலர்களைப் பல ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரவழைத்துத் தோல் நோய் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் இடம். ஒரு நாட்டுக்கே விரல்விட்டு எண்ணக்கூடிய தோல் டாக்டர்கள் இருக்கும்போது நிபுணர் வருவார் என்று காத்திருக்காமல் செய்த காரியம். அந்த மையம் 1990களிலேயே அல்பினிசமுள்ளவர்களுக்காக ஊர் ஊராகப் போகும் மருத்துவ முகாமைத் தொடங்கியது. 2002இல் மக்பிரைட், லெப்பர்ட் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முகாமுக்கு வருகிறவர்களிடமே போய், நாங்கள் சொல்லும் அறிவுரையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எதைக் கடைப்பிடிக்க முடிகிறது, எதை முடியவில்லை என்று கேட்டு எழுதியது. அந்தக் கேள்வியைக் கேட்டதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெயில்தான் காரணம் என்று மக்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. குறை அறியாமையில் இல்லை. அகலமான விளிம்புள்ள தொப்பி உசிதம் என்று டாக்டர் சொல்லலாம். வாலிபப் பையன் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க வேண்டுமே! ஏற்கெனவே ஊரே திரும்பிப் பார்க்கிற ஆள், இன்னும் ஒரு காரணத்தைத் தலையில் வைத்துக்கொள்வானா? வேலையில் விளிம்பு இடிக்கும். புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை ஒட்டும். பள்ளிச் சீருடை அரைக்கைச் சட்டையும் அரைக்கால் டவுசரும் என்றால் முழுக்கைச் சட்டைக்குத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்க வேண்டும். எங்கள் பள்ளியிலும் அரைக்கைதான். துரையின் முழங்கைக்குக் கீழே எப்போதும் ஒரு சிவந்த கோடு இருக்கும், சட்டை முடிகிற இடத்தைக் காட்டிக்கொண்டு.

வெயில் தடுப்புக் களிம்பின் கதை இன்னும் நுட்பமானது. ரொம்ப காலம் அது தான்சானியாவுக்குத் தருமமாக வந்தது. வெளிநாட்டார் மிச்சம் வைத்தது, நன்கொடையாகத் திரட்டியது. ஒவ்வொரு குப்பியும் ஒவ்வொரு தரம், லேபிள் வேற்று மொழி, தேதி முடிந்ததும் முடியாததும். கடையில் வாங்கலாம் என்றால் ஒரு குப்பியின் விலை பல நாள் கூலி. 2010களின் தொடக்கத்தில் மஃபால்டா சோட்டோ என்ற ஸ்பானிய மருந்தாளர், மோஷியிலேயே களிம்பைத் தயாரிப்பது என்று இறங்கினார். 'கிலிசன்' என்று பெயர். அந்த வெயிலுக்கு, அந்தத் தோலுக்கு, அந்த ஊர்க் கிடங்கின் சூட்டுக்குத் தாங்குகிற மாதிரி செய்முறையை வகுத்தார்கள். தயாரிக்கிறவர்களில் அல்பினிசமுள்ளவர்களும் உண்டு. இது பத்திரிகைகளுக்குப் பிடித்த மாதிரியான செய்தி என்பதால் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மூலப்பொருள் உதவி பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் ரசாயன நிறுவனத்திடமிருந்து வந்தது. உலக மூலதனத்தின் நிழல் இங்கேயும் விழுந்துதான் இருக்கிறது. ஆனாலும் ஒரு விஷயம் மாறிவிட்டது. கூரைக்குக் கீழே ஒரு வேலை உருவாகியிருக்கிறது. துரையின் அம்மா கேட்ட கேள்விக்கு நான் பார்த்தவரை நேரடியான பதில் இது ஒன்றுதான். சில பேருக்கான பதிலே ஆனாலும்.

இந்தக் களிம்பு மருந்தா, அழகுசாதனமா? ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் சட்டப்படி அது அழகுசாதனம், அமெரிக்காவில் மருந்து. வகைப்பாடுதானே என்று விட்டுவிட முடியாது. வகைப்பாட்டில்தான் அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்று நாம் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்! அழகுசாதனம் என்றால் அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அதற்கு அலமாரி கிடையாது, இலவச மருந்துப் பட்டியலில் இடம் கிடையாது. சினிமா நடிகை விளம்பரத்தில் பூசிக்கொள்ளும் அதே பொருள் இன்னொருவருக்கு இன்சுலின் மாதிரி. பொருள் ஒன்று, பிரதி இரண்டு.

அப்புறம் தூரம். திட்டுகளை உறையவைக்கும் திரவ நைட்ரஜன் கழித்தல் 196 டிகிரியில் இருப்பது. குடுவையில் வைத்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மாசக்கணக்கில் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் பூட்டி வைக்க முடியாது. ஆகவே அது ஆட்களைத் தேடிப் போக வேண்டும், குறித்த நாளில் போக வேண்டும், வருகிறேன் என்றால் வர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவரின் தோலை அடி முதல் முடி வரை ஒரே கண் திரும்பப் பார்த்தால், போன தடவை இல்லாதது இந்தத் தடவை தெரியும். நடமாடும் முகாமின் பலம் இதில்தான் இருக்கிறது. வெட்டி எடுக்க முடியாத கட்டத்துக்குப் போய்விட்டால் கதிர்வீச்சு. நம் ஊரில் 'கரண்டு வைக்கிறது' என்பார்களே, அது. நீண்ட காலம் நாட்டிலேயே அதற்கு இருந்த ஒரே இடம் டார் எஸ் சலாம் கடற்கரையில் இருக்கும் ஓஷன் ரோடு புற்றுநோய் மருத்துவமனை. ஏரிக்கரையின் முவான்சாவிலிருந்து அது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பின்னாளில் முவான்சாவின் புகாண்டோ மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை வந்தது. கதிர்வீச்சு ஒரு நாளில் முடிகிற காரியமல்ல. வாரக்கணக்கில் தினமும் போக வேண்டும். யார் வீட்டில் தங்குவது, யார் சமைப்பது, ஊரில் பிள்ளைகளை யார் பார்ப்பது? 'சிகிச்சையைப் பாதியில் கைவிட்டவர்' என்று பதிவேட்டில் எழுதுவார்கள். கைவிட்டது யார் என்று அந்த வாக்கியம் எவ்வளவு சுலபமாகத் தீர்மானித்துவிடுகிறது, பாருங்கள்.

இதுவரை எழுதியதெல்லாம் வெயிலின் கொடுமை. மனிதரின் கொடுமை ஒன்று பாக்கி இருக்கிறது. 2006ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து தான்சானியாவின் ஏரிப் பகுதியில் அல்பினிசமுள்ளவர்கள் கொல்லப்பட்டார்கள். கை, கால் வெட்டப்பட்டார்கள். அவர்களுடைய உறுப்பைத் தாயத்தில் சேர்த்தால் தங்கச் சுரங்கத்திலும் மீன்பாட்டிலும் தேர்தலிலும் யோகம் வரும் என்ற வியாபாரம். ஆப்பிரிக்க மூடநம்பிக்கை என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டாம். காசு கொடுத்து வாங்குகிறவன் ஏழையல்ல. சந்தைப் பொருளாதாரம் வாக்களித்த பணம் கைக்கு வராத இடத்தில் முளைத்த சந்தை இது. புதையலுக்கு நரபலி என்ற செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையில் படித்தவர்கள்தாமே நாம்.

இந்தச் சூழலில் ஒரு மருத்துவ முகாம் நடத்துவதை நினைத்துப் பாருங்கள். வட்டாரத்தில் உள்ள அத்தனை பேரும் குறித்த நாளில் குறித்த மரத்தடியில் கூட வேண்டும். யார் எந்த ஊரில் இருக்கிறார் என்று ஒரு பதிவேடு வேண்டும். அதே பதிவேடு தவறான கைக்குப் போனால் கொலைப் பட்டியல். 'மையத்தில் வைப்பது' என்பதன் ஆபத்தை இதைவிடத் துல்லியமாகக் கோட்பாடு சொல்லிவிட முடியாது. அரசு தன் பங்குக்குக் குழந்தைகளைப் பாதுகாப்புக்காக ஷின்யாங்காவின் புஹான்கிஜா போன்ற சிறப்புப் பள்ளிகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது. உயிர் தப்பியது உண்மை. ஆனால் தாய் தகப்பனைவிட்டுப் பிரிந்து, இடநெருக்கடியில், நிழலும் களிம்பும் போதாமல் அந்தப் பிள்ளைகளின் தோல் சுவருக்குள்ளேயே வெந்ததைப் போய்ப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அரிவாளிலிருந்து காத்து வெயிலிடம் ஒப்படைத்த கதை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கிஸ்வாஹிலியில் இவர்களை 'ஸெருஸெரு' என்பார்கள். பேய், பிசாசு என்ற வாடை வீசும் இழிசொல். அவர்களோ தங்களை 'வாட்டு வென்யே உஅல்பினோ' என்கிறார்கள். அல்பினிசம் உள்ள மனிதர்கள் என்று பொருள். முதல் சொல் மனிதர், நோய் அதற்குப் பிறகு. அவர்களுடைய சொந்தச் சங்கம் 1970களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. நோயாளியை மையத்தில் வைப்பது என்பது நிர்வாகத்தின் சொல்லாவதற்கு முன்பே நோயாளிகள் கூடிவிட்டார்கள் என்பதை நம் கையேட்டு ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். 2008இல் அல்-ஷைமா க்வேகிர் நாடாளுமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 2010இல் சாலும் கல்ஃபான் பர்வானி லிண்டி தொகுதியில் தேர்தலில் நின்று ஜெயித்தார். 2015இல் ஐ.நா. அல்பினிசம் குறித்துத் தனிப் பொறுப்பாளர் ஒருவரை முதன்முறையாக அமர்த்தியபோது அந்த இடத்துக்கு வந்த நைஜீரியப் பெண் வழக்கறிஞர் இக்போன்வோசா ஈரோவும் அல்பினிசம் உள்ளவர். தொப்பியின் விளிம்பு எத்தனை விரற்கடை இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, நீதிமன்றத்தில் எந்த வழக்கு முதலில் வர வேண்டும் என்பதுவரை பேசுகிற இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. களிம்பு இன்னும் நன்கொடையை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் மையம் என்பது நோயாளியைக் கொண்டுபோய் வைக்கும் பீடமாக இல்லாமல், அவர் இழுத்துப்போட்டு உட்காரும் நாற்காலியாக அங்கே கொஞ்சம் மாறியிருக்கிறது.

கையேட்டுக்குத் திரும்புகிறேன். இரண்டு நாள் கழித்து மிச்ச பக்கங்களையும் முடித்துவிட்டேன். நல்ல தாள், வண்ணப்படம், வெளிநோயாளிகள் நேரம் காலை 11 முதல் 1 வரை என்று போட்டிருந்தது. உச்சி வெயிலில் பஸ் பிடித்து வரச் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் பக்கத்தில் எட்டு அறிவுரைகள். மூன்றாவது, 'வெயிலைத் தவிர்க்கவும்.' மொழிபெயர்ப்பை அனுப்பும்போது கூடவே ஒரு கடிதம் வைத்தேன். அந்த மூன்றாவது வரிக்குக் கீழே நாலு வரி இடம் விட முடியுமா, நோயாளி என்ன வேலை செய்கிறார், எத்தனை மணிக்குக் காட்டுக்குப் போகிறார், வேறு வேலைக்கு என்ன வழி என்று அவரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ள என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. மொழிபெயர்ப்புக் கூலி மட்டும் போன மாசம் கணக்கில் ஏறியிருந்தது.